சைகோன்ல நான் தொலைஞ்சு போகல

உக்காரு தாயி. அளவு ஜாக்கெட்ட மிஷின் மேல வை, துணியப் பிறகு பாப்போம். முதல்ல ஒரு விஷயம் சொல்லு. இப்ப வாசல்ல நின்னுக்கிட்டு என்ன கேட்டே? ‘வியட்நாம்ல தொலைஞ்சு போன டீச்சர் வீடு இதுதானா’ன்னு கேட்டியே, உனக்கு யாரு அப்படிச் சொல்லி அனுப்புனா?

உன் மாமியாரா? அவளுக்கு யாரு சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். என் மதினி. கோவில்பட்டில பால் ஊத்துறவன் வரைக்கும் சொல்லி வச்சிருக்காக. சொல்லட்டும். நீ புதுசா வாக்கப்பட்டு வந்தவ, உன்கிட்டயாவது நேரா சொல்லிர்றேன். நான் தொலைஞ்சு போகல. தங்கியிருந்த ஹோட்டல் எந்தப் பக்கம்னு கொஞ்ச நேரம் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான். நான் எங்க இருக்கேன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. ரெண்டும் ஒண்ணா?

நீயே சொல்லு, ரெண்டும் ஒண்ணா?

நான் தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. கல்யாணம் பண்ணிக்கல. ஏன் பண்ணிக்கலன்னு கேக்காதே, கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோச்சு. அண்ணன் வீட்டுலதான் இருந்தேன். அண்ணன் பேரு தங்கையா, கருப்பட்டி மொத்த வியாபாரம், மார்க்கெட் பக்கம் பாத்திருப்பே. அண்ணன், மதினி, அவுக மகன் ராம்சுந்தர், மருமக பிருந்தா, பிருந்தாவோட மக லயா. லயாவுக்கு அப்ப மூணு வயசு. என்னை ஆச்சி ஆச்சின்னு பின்னாலயே சுத்தும்.

அண்ணன் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, “வியட்நாம் டூர் போறோம். நீயும் வாயேன் கிளி”ன்னாக. என் பேரு சொர்ணக்கிளி. சந்தோசமா இருந்தா கிளிம்பாக, கோவம்னா முழுப்பேரும் வரும். கிளின்னு கூப்பிட்டாகளா, எனக்குத் தலைகால் புரியல. பாஸ்போர்ட் எடுத்தேன். போட்டோவுல திருடி மாதிரி இருந்தேன், பரவாயில்ல. பள்ளிக்கூடத்துக்குப் போயி, பழைய டீச்சர்மாரு எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்தேன், அண்ணன் என்னை வெளிநாடு கூட்டிட்டுப் போறாகன்னு. அதையும் சொல்லணும்ல.

விமானத்துல ஜன்னல் சீட்டு மதினிக்கு. சரி. அவுக மூத்தவுக. ஏறுன உடனே தூங்கிட்டாக, ஜன்னலையும் மூடிட்டாக. அதையும் சரின்னு விட்டேன்.

சைகோன்ல இறங்குறோம் பாத்துக்கோ. இப்ப அந்த ஊருக்கு வேற பேரு, வாய்க்குள்ள நுழையாது, எல்லாரும் சைகோன்னுதான் சொன்னாக. ஏர்போர்ட்டு வாசல்ல கால வச்ச உடனே ஒரு வெக்கை வந்து முகத்துல அப்புச்சு. நம்மூர் வெக்கை மாதிரி காஞ்ச வெக்கை இல்ல, சோறு வடிக்கும்போது பானைக்கு மேல குனிஞ்சா வருமே, அது மாதிரி ஈர வெக்கை. எனக்கு அப்பவே பிடிச்சுப்போச்சு. மதினி, “என்ன ஊருடி இது”ன்னு முந்தானையால விசிறிக்கிட்டாக. டூர் நடத்துற தம்பி நம்ம பக்கத்து ஆளு, பஸ்ஸுல மைக்கப் பிடிச்சு, “யாரும் கவலப்பட வேண்டாம், நம்ம சமையல்காரர் கூடவே வந்திருக்கார், மூணு வேளையும் நம்ம சாப்பாடுதான்”னாரு. எல்லாரும் கை தட்டுனாக. நான் தட்டல. கடல் தாண்டி வந்தும் சாம்பாரான்னு இருந்துச்சு எனக்கு.

ஹோட்டலுக்கு வந்தோம். குளிச்சோம். அதே சாம்பார் சாதம், அதே உருளைக்கிழங்கு. சாப்பிட்டுட்டு ஊர் பாக்கக் கிளம்பணும். நான் அரக்கு பார்டர் வச்ச பட்டுப் புடவை, கட்டிப் பாக்காம எடுத்து வச்சிருந்தது, அதைக் கட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறேன். மதினி வந்தாக. என்னை மேலயும் கீழயும் பாத்தாக.

“பாப்பா தூங்குறால்ல. நீ ரூம்ல இரு சொர்ணம். நாங்க பாத்துட்டு வந்துர்றோம்.”

“எழுப்பிக் கூட்டிட்டுப் போவோமே மதினி”ன்னேன்.

“இந்த வெயில்லயா? நாளைக்குப் படகுல போகணும், மறுநாள் சண்டைக் காலத்துச் சுரங்கம். எல்லாத்துக்கும் அவளத் தூக்கிட்டு அலைய முடியுமா? அதுக்குத்தான உன்னக் கூட்டிட்டு வந்தது.”

அதுக்குத்தானன்னாக. வேணும்னு சொல்லல, பாவம், மதினி கெட்டவுக இல்ல. உப்பு எடுத்துக் குடுன்னு சொல்ற மாதிரி சொன்னாக. நான் அண்ணனப் பாத்தேன். அண்ணன் செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தாக. ஒரு செருப்பு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவுக மாட்டிக்கிட்டே இருந்தாக. எனக்கு அண்ணன் மேல கோவம் எல்லாம் ஒண்ணும் கிடையாது. செருப்பத்தான் சொல்றேன்.

பஸ் போயிருச்சு. ரூம் ஜன்னலத் திறந்தா எதிர்ல ஒரு சுவரு. சுவர் பூரா ஏசிப் பெட்டி, தண்ணி சொட்டிக்கிட்டு நிக்குது. வியட்நாம்னு நான் பாத்தது அதுதான். பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டுக் கட்டில் நுனியில உக்காந்து அந்த ஏசிப் பெட்டியப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்ப லயா முழிச்சா. கண்ணக் கசக்கிட்டு, “ஆச்சி, வெளிய போலாம்”னா.

நான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுதாக. பாப்பாதான் என்னைக் கூட்டிட்டுப் போச்சு. அதை யாரு கேட்டா?

போனு சார்ஜுல கிடந்துச்சு. அது அங்க எனக்கு வேலையும் செய்யல, எதுக்குத் தூக்கிட்டு அலையன்னு விட்டுட்டேன். கீழ மேஜையில ஒரு பொண்ணு எழுந்து நின்னு என்னமோ கேட்டா, நான் “பக்கத்துலதான் தாயி”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துர்றதாத்தான் இருந்தேன்.

வாசல்ல ரோடு. ரோடுன்னா என்னன்னு நினைக்கிறே? மோட்டார் சைக்கிள். நம்மூர்ல தேர் அன்னிக்குக் கூட்டம் வருமே, அம்புட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வண்டில ஏறி வந்தா எப்படி இருக்கும்? அப்படி வருது. நிக்கவே இல்ல. எதிர்ப்பக்கம் ஒரு பெரிய மரம், மரத்தடியில சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலு போட்டு ஆளுக உக்காந்து என்னமோ குடிக்கிறாக. பாப்பா அங்க போகணும்னு கையக் காட்டுது. நான் கால எடுத்து வைக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். அப்ப ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், பூப்போட்ட சட்டையும் அதே துணியில பைஜாமாவும் போட்டுக்கிட்டு, கையில கீரைக்கட்டோட பக்கத்துல வந்து நின்னா. என்னப் பாத்தா. என் முழங்கையப் பிடிச்சா, இறங்கிட்டா.

வண்டி வருது தாயி, நேரா நம்ம மேல வருது. அவ நிக்கல, ஓடல, கோயில் பிரகாரத்துல நடக்கிற மாதிரி நடக்கிறா. அத்தனை வண்டியும் எங்க ரெண்டு பக்கமும் ஒதுங்கி ஒதுங்கிப் போகுது. ஒருத்தன் திட்டல. ஒருத்தன் ஹாரன்ல கைய வச்சு அமுக்கல. எனக்குப் பயமே இல்ல. பாப்பாவ ரொம்ப இறுக்கிட்டேன் போல, “ஆச்சி வலிக்கிது”ன்னு சொல்லுச்சு, அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் போயிட்டோம். போயிட்ட பிறகு உடனே திரும்பி வர்றதுக்கா அம்புட்டுக் கஷ்டப்பட்டு ரோட்டத் தாண்டினேன்? நடந்தேன்.

ஒரு சந்துக்குள்ள போனோம். வீடெல்லாம் ஒல்லி ஒல்லியா, உசரமா. கதவே கிடையாது, முன்பக்கம் பூரா திறந்து கிடக்கு. ஒரு வீட்டுல ஒருத்தர் பனியனோட படுத்து டிவி பாக்குறாரு, அடுத்த வீட்டுல ஒரு பொண்ணு தலைய விரிச்சுப் போட்டு மீன் கழுவுறா. அந்தச் சந்துக்குள்ள இருந்து இன்னொரு சந்து. பிறகு இன்னொண்ணு. எல்லாரும் என் புடவையப் பாக்குறாக. சிரிக்கிறாக. நானும் சிரிச்சேன். என்னை ஒருத்தரும் ‘எங்க போறே, யார் கூட வந்தே’ன்னு கேக்கல. கேட்டிருப்பாகளோ என்னவோ, எனக்கு எங்க புரிஞ்சுது!

அப்பதான் மழை. தூறல் கீறல் எல்லாம் கிடையாது. ஒரே கொட்டு. பாப்பாவத் தூக்கிக்கிட்டு எதுத்தாப்புல இருந்த வீட்டுக்குள்ள ஏறிட்டேன். ஏறிப் பாத்தா, உள்ள தையல் மிஷின்! ஒரு பொம்பள உக்காந்து தச்சுக்கிட்டு இருக்கா. ரோட்டுல கையப் பிடிச்சவ இல்ல, இவ வேற. நெத்தியில கண்ணாடிய ஏத்தி வச்சுக்கிட்டு, வாயில குண்டூசியக் கவ்விக்கிட்டு. ஊசி வாயில இருக்கிறதால அவளால பேச முடியல. நாற்காலியக் காட்டுனா. உக்காந்தேன்.

லயா மழைச் சத்தத்துக்குப் பயந்து பாவாடைய நனைச்சுட்டா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல, மாத்துத் துணி கிடையாது. அவ பாத்தா. ஊசிய எடுத்து வச்சுட்டு எழுந்து போயி, ஒரு மூட்டையில இருந்து சின்ன சைஸ் பூப்போட்ட சட்டையும் பைஜாமாவும் எடுத்து வந்தா. எல்லாப் பொம்பளைகளும் போட்டிருக்காகளே, அதே மாதிரி, குட்டி. மஞ்சள் நிறம். பைஜாமா நீளமா இருந்துச்சு. நான் மிஷினக் காட்டுனேன், ‘நான் மடிச்சு அடிக்கட்டுமா’ன்னு. அவ எழுந்து இடம் விட்டா. உக்காந்து அடிச்சேன். அவ பக்கத்துல நின்னு பாத்துட்டு, தைச்ச இடத்தப் பிரிச்சுட்டு வேற மாதிரி அடிச்சா. என் தையல் அவளுக்குப் பிடிக்கல. எனக்கும் அவ தையல் பிடிக்கல. சரின்னு விட்டேன், அவ வீடு.

நெஞ்சுல கைய வச்சு “லான்”னா. அவ பேரு. நான் “சொர்ணக்கிளி”ன்னேன். அவளுக்கு வரல. “கிளி”ன்னேன். “கீ... லி”ன்னா. பக்கத்து வீட்டுக்காரி வாசல்ல நின்னு “லான் ஓய்!”ன்னு கூப்பிட்டா. நம்மூர் ஆம்பளைக கூப்பிடுவாகளே, ‘என்ன ஓய்’னு, அதே ஓய்! எனக்குச் சிரிப்புத் தாங்கல. நானும் “லான் ஓய்”னேன். பாப்பாவும் “லான் ஓய்”னுச்சு.

ஒரு கிண்ணத்துல நூடுல்ஸும் சாறும் கொண்டாந்தா. மேல நத்தை கிடந்துச்சு. ஆமா, நத்தைதான். மூஞ்சியச் சுளிக்காதே. தின்னேன். ரப்பர் மாதிரி இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு. பாப்பாவுக்கு வெறும் நூடுல்ஸ். மிளகாய் காரத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ரொம்ப நேரம் நிக்கல. லான் ஒரு துணித்துண்ட எடுத்துக் குடுத்தா, துடைச்சுக்கோன்னு.

அப்புறம் பாப்பாவக் காட்டி, என்னைக் காட்டி என்னமோ கேட்டா. உன் பேத்தியான்னு கேக்குறான்னு புரிஞ்சுது. இல்லன்னு தலையாட்டுனேன். பிறகு விரல்ல மோதிரம் போடுற மாதிரிக் காட்டுனா. புருஷன். அதுக்கும் இல்லன்னேன். இந்தக் கேள்விய நம்மூர்ல யார் கேட்டாலும், நான் இல்லன்னதும் அவுக முகத்துல ஒண்ணு வரும். நீ புதுசு, உனக்கும் இப்ப வந்துச்சு, நான் பாத்தேன். பரவாயில்ல. லான் முகத்துல அது வரல. அவ தலைய ஆட்டிட்டுக் கிண்ணத்துல இன்னும் கொஞ்சம் சாறு ஊத்துனா. அவளுக்கு நான் சொன்னது புரியாம இருந்திருக்கலாம். இருக்கட்டுமே.

மழை விட்டுச்சு, பொழுது சாய்ஞ்சுருச்சு. வெளிய வந்தேன். வந்த சந்து எதுன்னு தெரியல. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. லான் ‘ஹோட்டல்?’னா. ஹோட்டல்தான். பேரு? கோல்டன்னு ஆரம்பிக்கும், அதுக்கு மேல நான் படிக்கல. அவ பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிட்டா, அவ இன்னொருத்தியக் கூப்பிட்டா, சந்தே கூடிருச்சு. ஒருத்தி போன எடுத்து என் வாய்கிட்ட நீட்டுனா. பேசுனேன். போனு அவுக பாஷையில என்னமோ சொல்லுச்சு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாக. பிறகு அவ அதுல என்னமோ பேசுனா, போனு என்னைப் பாத்துத் தமிழ்ல கேக்குது: “தங்கப் பாட்டி எந்தத் தெருவில் விற்கப்படுகிறாள்?”

நல்லாக் கேளு. இதுக்குப் பேரு தொலைஞ்சு போறதா? தெருவே கூடி நின்னு நம்மளப் பத்திப் பேசுது. தொலைஞ்சு போனவளச் சுத்தி இம்புட்டுப் பேரு நிப்பாகளா?

கடைசியில லான் ஸ்கூட்டர எடுத்தா. பாப்பாவ நடுவுல வச்சு, நான் பட்டுப் புடவையோட ஒருக்களிச்சு உக்காந்து. அவ பாட்டுக்கு அந்த வண்டி வெள்ளத்துக்குள்ள இறங்கிட்டா. முன்னால வண்டி, பின்னால வண்டி, பக்கத்துல ஒருத்தன் முழங்கால் என் முழங்கால்ல இடிக்கிற மாதிரி வர்றான், அவனும் வேற எங்கயோ பாத்துக்கிட்டுப் போறான். விளக்கெல்லாம் போட்டுட்டாக, ஈர ரோட்டுல விளக்கு ஓடுது. கோல்டன்னு போர்டு இருந்த இடத்துல எல்லாம் நிறுத்திக் காட்டுனா. இல்ல, இதில்ல. இல்ல, இதும் இல்ல. உனக்குச் சொல்றதுக்கென்ன, கிடைக்காம இருந்தாக்கூட நல்லதுதான்னு நினைச்சேன்.

கிடைச்சுருச்சு.

வாசல்ல நம்ம கூட்டம் பூரா நிக்குது. ரெண்டு போலீஸ்காரங்க. பிருந்தா தரையில உக்காந்து கிடக்கா, தலைமுடி எல்லாம் கலைஞ்சு. நான் ஸ்கூட்டர்ல இருந்து இறங்கிப் பாப்பாவ இறக்கி விட்டேன். மஞ்சப் பூச் சட்டை போட்ட பிள்ளைய அவளுக்கு ஒரு நிமிசம் அடையாளம் தெரியல. வேற யார் பிள்ளையோன்னு பாக்குறா. பாப்பா “அம்மா ஓய்!”ன்னுச்சு. அப்புறம் அவ போட்ட சத்தம் இருக்கே, ஊர் பாக்குற மாதிரி அப்படி ஒரு அழுகை. பிள்ளை முழுசா வந்து நிக்குது, பிறகு எதுக்கு அழுகை? கட்டிப் பிடிச்சு, கையக் காலத் தடவிப் பாத்துட்டு, என்னை நிமிந்து பாத்துச் சொன்னா:

“பெத்திருந்தாத் தெரியும் உங்களுக்கு.”

பெத்தது இல்லதான.

அண்ணன் முன்னால வந்தாக. “சொர்ணக்கிளி. யாரக் கேட்டு வெளிய போனே?”

“யாரக் கேக்கணும்?”னேன்.

நான் எதுத்துப் பேசல தாயி. நெசமாவே கேட்டேன். யாரக் கேக்கணும்னு அவுக சொல்லியிருக்கலாம்ல.

அதுக்குள்ள மதினி லானப் பாத்துட்டாக. “இவதான்! பிள்ளை பிடிக்கிறவ! பிள்ளையோட துணிய மாத்தியிருக்கா பாருங்க!”ன்னு போலீஸ்காரங்கிட்டக் கையக் காட்டிக் கத்துறாக. போலீஸ்காரன் லான் பக்கம் திரும்பி என்னமோ கேட்டான். லான் ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் பதில் சொல்றா, இவன் மறுபடியும் கேக்குறான், ஸ்கூட்டர் நம்பரப் பாக்குறான். அவ முகம் சுண்டிப்போச்சு.

எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல. வாழ்நாள்ல நான் கிளாஸ்ல பிள்ளைகளக்கூட அதட்டுனது இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல போயி நின்னேன். “யோவ்! அவளக் கேக்காதே. என்னக் கேளு. நானாப் போனேன். மழைக்கு இவ வீட்டுல ஏறினேன். சோறு போட்டா. துணி குடுத்தா. கொண்டாந்து விட்டிருக்கா. ஒரு வார்த்த அவளச் சொன்னே, நான் இந்த நடு ரோட்டுலயே உக்காந்துருவேன்”னேன். சுத்தமான கோவில்பட்டித் தமிழ். அவனுக்கு என்ன புரிஞ்சுதோ, ஒரு அடி பின்னால போனான். மதினி வாயில கைய வச்சுக்கிட்டு நின்னாக. அப்ப பாப்பா, அம்மா இடுப்புல இருந்து லானப் பாத்துக் கையாட்டுனா. அந்தப் போலீஸ்காரன் சிரிச்சுட்டான். போ போன்னுட்டான்.

லான் போயிட்டா. ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். கோவத்துல நின்னுக்கிட்டு இருந்தேனா, அவ வண்டியத் திருப்புனதக்கூடப் பாக்கல. அது ஒண்ணுதான்.

ரூமுக்கு வந்து ராம்சுந்தர் சொன்னான், “அத்தை, இனிமே ஊர் போற வரைக்கும் நீங்க வெளிய வர வேண்டாம்”னு. அண்ணன் பக்கத்துலதான் நின்னாக. ஊருக்கு வந்த பிறகு இந்த வீட்டப் பிடிச்சுத் தனியாக் குடிவந்தேன்ல, ‘அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்டை’ன்னு பேசிக்கிறாக. சண்டையெல்லாம் இல்ல. காத்து நல்லா வருது இங்க, அதான்.

அங்க சைகோன்ல, மறுநாள் காலையில வெள்ளன எழுந்து, குளிச்சு, யாருக்கும் முன்னாடி போயி பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். நடுவுல, ஜன்னல் பக்கம். எல்லாரும் வந்தாக. அண்ணன் ஏறுனவுக என்னப் பாத்துட்டு நின்னுட்டாக.

“இறங்கு.”

“மாட்டேன்.”

“சொர்ணக்கிளி, இறங்குன்னு சொல்றேன்.”

“நான் ஊர் பாக்க வந்திருக்கேன் அண்ணே.”

டூர் தம்பி மைக்கக் கையில வச்சுக்கிட்டுத் தரையப் பாக்குறாரு. டிரைவரு கண்ணாடியில பாக்குறான். பஸ் பூரா என்னையே பாக்குது. நான் எழுந்திருக்கல. அண்ணன் எவ்வளவு நேரம் நின்னாகன்னு தெரியல. பிறகு போயி முன்னால உக்காந்துட்டாக.

கடைசியா ஏறுனது பிருந்தா. இடுப்புல பாப்பா. கண்ணு வீங்கிக் கிடந்துச்சு. நேராப் போயிப் பாப்பாவ ராம்சுந்தர் மடியில வச்சா. “இன்னிக்கு நீங்க பாத்துக்கோங்க”ன்னா. அவன் என்னமோ சொல்ல வந்தான், அவ கேக்கல. வந்தா, என் பக்கத்துல உக்காந்தா. எனக்கு ஆச்சரியம். பஸ்ஸுல எத்தனையோ சீட்டுக் காலியாக் கிடக்கு, இவளுக்கு இங்கதான் இடம் கிடைச்சுதா?

பஸ் கிளம்புச்சு. ஆத்துப் பாலத்து மேல போகும்போது மெதுவா, “சித்தி, ஜன்னல் சீட்ட எனக்குத் தர்றீங்களா? நேத்து வெளிய போயும் நானும் ஒண்ணும் பாக்கலையே”ன்னா.

முந்தின நாள் அந்தப் பேச்சுப் பேசுன வாயி! கேக்குறதப் பாரேன். நான் குடுக்கல. “நாளைக்கு வெள்ளன எழுந்து வந்து நீயே பிடிச்சுக்கோ”ன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் அம்புட்டு வெள்ளன போறேன், பஸ்ஸுல விளக்குக்கூடப் போடல. எனக்கு முந்தியே ஏறி, ஜன்னலோரமா உக்காந்திருக்கா. பக்கத்துச் சீட்டுல கைப்பைய வச்சு, வேற யாரையும் உக்கார விடாம.